அலை கோடிட்ட சுழி

அந்தக் காலத்தில் எண்களுக்கும் எழுத்துகளுக்கும் வாயிருந்தது. நண்டுகளுக்கு அதிகாரமும் இருந்தது. எல்லாரும் கடற்கரை மணலில் வரிசை வரிசையாகக் குடியிருந்தார்கள். தனி ஆளுக்கென்று அங்கே எந்தக் கட்டளையும் கிடையாது. "இரட்டியுங்கள்!" என்றால் வரிசை முழுவதும் ஒரே மூச்சில் இரட்டிக்கும். ஏழு என்ற பெயரில் மட்டும் அந்தக் கரையில் நாற்பது பேர் இருந்ததால், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் பயனும் இல்லை.

அவர்களில் ஓர் ஏழுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். சுழி. அக்கா பெருக்கல் வரிசையில் இருந்தாள். தங்கையை எதிரே கூட்டல் வரிசையில் வைத்திருந்தார்கள். காரணம் கரைக்கே தெரியும். கூட்டலில் சுழியால் யாருக்கும் கெடுதல் இல்லை. பெருக்கலில் அவளோடு நின்றவர் எவ்வளவு பெரியவரானாலும் மிஞ்சமாட்டார். அதனால் அக்காளும் தங்கையும் ஒருநாளும் தோளோடு தோள் நின்றதில்லை.

ஒரு பிற்பகல், மணல்திட்டில் கிடந்த கடற்காக முட்டைகளை எண்ணிவரச் சொல்லிப் பெருக்கல் வரிசைக்குக் கட்டளை வந்தது. கட்டளை வரிசைக்கல்லவா? மூன்று, ஏழு, பதினொன்று என்று மூவரும் தோணியேறினார்கள். காவலுக்கு ஒருவரை விட்டுப்போகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படித் தோன்றுகிற பழக்கமே அவர்களுக்கு இல்லை.

அன்று கடல் முன்னதாகவே ஏறத் தொடங்கியது.

கடலுக்கும் கரைக்கும் பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. குடியுள்ள வரிசையை அலை தொடாது. வெறும் மணல் அலைக்குச் சொந்தம். அலைக்கு முன்னால் ஓடிவந்து ஆள் கேட்பது நண்டின் வேலை. வரிசை அழிந்துபோனால் திரும்பி வருகிறவர்கள் கரையேற முடியாது. வரிசையில்லாத எண் தண்ணீரிலேயே கரைந்துபோகும்.

"இந்த வரிசையில எத்தனை பேர்?" என்று நண்டு கேட்டது. பதில் இல்லை. "சரி, இங்க வரிசையே இல்ல."

"அண்ணே, நில்லுங்க!" என்று சுழி ஓடிவந்தாள். "ஆள்தான் இல்ல. வரிசை இருக்கு."

"எங்க இருக்கு? காட்டு."

"இதோ, இந்த இடம்."

"இது மணல். அந்தப் பக்கமும் மணல்தான். காலியா இருக்கிறதுக்கும் இல்லவே இல்லாததுக்கும் அலை எப்படி வித்தியாசம் பார்க்கும்? ஒண்ணுமில்லாததைக் காட்டத் தெரிஞ்சா காட்டும்மா, நானும் பார்த்துட்டுப் போறேன்."

எழுத்துகள் வெளியே போகும்போது தங்கள் வரிசையின் இரு முனையிலும் முனைக்கொரு சிறு குச்சி நட்டுவிட்டுப் போவார்கள். சுழி அந்தப் பக்கம் ஓடினாள். வழக்கம்போல வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள் ங.

"பெரியம்மா, ரெண்டு குச்சி கொடுங்க! சீக்கிரம்!"

"கொடுக்கலாம்டி. ஆனா இதை நட்டா அது எழுத்துகளோட இடம். உங்க அக்கா வந்து நின்னா, நீ எந்த எழுத்துன்னு நண்டு கேட்கும். அவ என்னன்னு சொல்லுவா? காலி வீடுன்னாலும் யாரோட காலி வீடுன்னு இருக்குல்ல?"

சுழி திரும்பிப் பார்த்தாள். தோணி தெரிந்தது. அதைவிடப் பக்கத்தில் அலை தெரிந்தது. வேறொன்றும் யோசிக்காமல் அக்காவின் இடத்தில் குதித்து நின்றாள்.

"எத்தனை பேர்?"

"ஒருத்தி!"

அலை நின்றது. நண்டு ஒரு கொடுக்கைத் தூக்கியது. "அலை போனப்புறம் நான் இந்த வரிசையைப் பெருக்கிப் பார்ப்பேன். ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தோணி அதற்குள் கரையைத் தொட்டுவிட்டது.

"பாவி, வெளியே வாடி!" என்று ஏழு கத்தினாள். "நாங்க காலை வெச்சா அவ்வளவுதான்!"

"வெளியே வந்தா உங்களுக்கு நிக்க இடமே இருக்காதுக்கா!"

"நீ உள்ளே இருந்தா நாங்களே இருக்கமாட்டோமே!"

"ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க," என்றான் மூன்று. "தோணி ஒழுகுது."

ஒருத்தி இறங்க, மற்றவள் ஏற, நடுவே ஒரு கண்ணிமைப்பு போதும். ஆனால் கடல் கண்ணிமைப்பதில்லை.

"அண்ணே, என்னை எண்ணாதீங்க."

"நிக்கிறவளை எப்படி எண்ணாம விடுறது?"

சுழி மணலில் படுத்தாள். அலையைப் பார்த்துச் சொன்னாள்: "என்மேல ஏறிப் போ. தப்பா எழுதினதை அடிப்பாங்களே, அப்படி என்னை அடிச்சிடு."

"குடியிருக்கிறவங்களை நான் தொடுறதில்லை," என்றது அலை.

"நானே கேட்கிறேன்."

அலை அவள் இடுப்பின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு வளைந்த கோடாக ஓடித் திரும்பியது.

"எத்தனை பேர்?" நண்டு குனிந்து கேட்டது. நண்டு இரண்டு தடவை எண்ணியது. ஒருவரும் இல்லை. ஆனால் இடம் இருந்தது. அது எண்களின் இடம் என்பதும் தெரிந்தது. பெருக்கிப் பார்த்து "ஒன்று" என்று அறிவித்தது. பெருக்க ஆளில்லாத இடத்தில் யாரையும் கெடுக்காத விடை அதுதான். அதனோடு எதைப் பெருக்கினாலும் அது அதுவாகவே இருக்கும்.

ஏழு பாய்ந்து உள்ளே காலை வைத்தாள். குதிகால் மணலில் பட்டதும் அந்த உருவம் மறைந்துவிட்டது.

"சுழி?"

மூவரும் வெளியே வந்து பார்த்தார்கள். அங்கேயே படுத்திருந்தாள். உள்ளே போனார்கள். இல்லை. ஏழு மூன்று முறை அப்படி ஏறி இறங்கினாள். நண்டு அன்று யாரையும் அவசரப்படுத்தவில்லை.

அன்று முதல்தான், வரிசைக்கு மொத்தமாகக் கட்டளையிடும் சில கணினி மொழிகளில், எழுத்தில்லாத வரிசைக்கு இரண்டு குச்சிகளையும் (''), எண்ணில்லாத வரிசைக்குக் குறுக்கே அலை ஓடிய சுழியையும் (⍬) எழுதுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் கணக்கில் வராமல் அவள் இடத்தைக் காத்துப் படுத்திருப்பாள், முதல் எண் காலடி வைத்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள்.