துடுப்பைக் கீழே வைத்த வாத்தியார்

அந்தக் காலத்தில், ராஜா வாயைத் திறந்தாலே சட்டம் என்றிருந்த காலத்தில், தேனாற்று நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார், அவ்வளவுதான்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் செங்கோடன். பள்ளி நடக்கிற மாதங்களில் அவருக்குக் களஞ்சியத்திலிருந்து நெல் வரும். பங்குனியும் சித்திரையும் விடுமுறை, நெல்லும் வராது. வயிறு விடுமுறை எடுக்குமா? வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். அதனால் அந்த இரண்டு மாதமும் முண்டாசு கட்டிக்கொண்டு ஆற்றில் பரிசல் ஓட்டுவார்.

ஒரு சித்திரை மாலை, அக்கரை மாந்தோப்புக்குப் போக ராஜா பரிசல் ஏறினார். கூடவே பிரதானி, அதாவது முதல் மந்திரி, கண்டராயர். தன் மகனை வாத்தியார் மற்ற பிள்ளைகளோடு தரையில் உட்கார வைத்துவிட்டார் என்று அவருக்கு ரொம்ப நாளாகவே பொருமல்.

ஆறெங்கும் புங்கம்பூ மிதந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத பொன்நிறம். ராஜாவுக்குக் கண் சொக்கியது.

நடு ஆற்றில்தான் கண்டராயர் முண்டாசுக்காரரை அடையாளம் கண்டுகொண்டார். "மகாராஜா, இளவரசருக்கு எழுத்துச் சொல்லித்தருகிற கை துடுப்புப் பிடிக்கலாமா? நம் அவைக்கே கேவலம்" என்றார்.

தூக்கம் கலைந்த எரிச்சல் ராஜாவுக்கு. இந்த நிமிஷத்திலிருந்து வாத்தியார் வேலை தவிர வேறெதுவும் செய்யக்கூடாது, மீறினால் பள்ளிக்கூடப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செங்கோடன் மனசுக்குள் கணக்குப் போட்டார். துடுப்பை விட்டால் பிள்ளைகள் பட்டினி. விடாவிட்டால் உத்தியோகம் போச்சு. பிறகு துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

பரிசல் மெள்ளச் சுற்றத் தொடங்கியது. தோப்பு வந்தது, கோட்டை வந்தது, மறுபடி தோப்பு வந்தது. கரை மட்டும் கிட்டே வரவில்லை. ஏன் ஓட்டவில்லை என்று ராஜா கேட்டார்.

"ஓட்டினால் உங்கள் ஆணையை மீறியவனாவேன், மகாராஜா. சொல்லித்தர மட்டும்தான் எனக்கு அனுமதி. யாராவது கற்றுக்கொள்வதானால் சொல்லித்தருகிறேன்."

ராஜா கண்டராயரைப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள்? பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பிரதானி தரையில் உட்கார்ந்தார். பக்கவாட்டில் தள்ளாமல், துடுப்பை முன்னால் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கச் சொன்னார் வாத்தியார், பிள்ளைகளிடம் பேசுகிற அதே பொறுமையோடு. பரிசல் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. ராஜாவுக்குத் தலை சுற்றியது. சிரிப்பும் அடக்க முடியவில்லை.

ஒருவழியாகக் கரை சேர்ந்தபோது பிரதானியின் கையெல்லாம் கொப்புளம். துடுப்பை ஏன் பிடித்தீர் என்று ராஜா அப்போதுதான் கேட்டார், விடுமுறையில் நெல் வருவதில்லை என்றார் செங்கோடன்.

"வாத்தியாரே, இனி விடுமுறைக்கும் நெல் உண்டு. பரிசல் ஓட்டுவதும் ஓட்டாததும் உம் இஷ்டம்" என்றார் ராஜா. "கண்டராயரே, உமது பாடம் பாதியில் நிற்கிறது. அடுத்த கோடையில் வந்து முடித்துக்கொள்ளும்."

அடுத்த சித்திரையில் பிரதானி துடுப்புப் போட, செங்கோடன் மூன்று மகள்களோடு அக்கரைக்குப் போனார். பாதி ஆற்றில் தூங்கிப்போனார். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில், விடுமுறை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அந்த மனுஷருக்குத் தெரிந்தது.