ஆவாரங்குளத்துத் தண்ணீர் போன வழி

ஆவாரங்குளத்தில் மருதி என்றொரு நண்டு இருந்தாள். குளத்தின் நடுவே ஓர் அளவுக்கல் உண்டு. அதில் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று பார்த்துத் தினமும் பாறைமேல் கூடும் குளத்துச் சபையில் சொல்வதுதான் அவள் வேலை. வேலை கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் எந்த நண்டுக்கும் அந்த வேலை கிடைத்ததில்லை. “நேராக நடக்கத் தெரியாதவர்களுக்குச் சபைப் பாறையில் என்ன வேலை?” என்று கேட்டுக் கேட்டே நண்டுகளைக் கரைச் சேற்றோடு நிறுத்திவைத்திருந்தார்கள். மருதி மூன்று மழைக்காலம் அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வந்தாள். பாசி மூடிய கோடுகளைக் கொடுக்கால் சுரண்டிச் சுரண்டிப் படித்தாள். அதுவரை கல்லைப் பார்த்துச் சொல்லிவந்த வாத்து வேறு ஏரிக்குப் பறந்துபோனபோது, கோடு படிக்கத் தெரிந்தவர் அவளைத் தவிர யாருமே இல்லை!

மகள் பாறையில் ஏறிய அன்று அவள் அப்பா வளையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

“சபையில உக்கார்ற பொண்ணுக்கு ஒத்தை வாசல் வளையா? விட்டுருவேனா நான்?” என்றார்.

மண்ணைத் தோண்ட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மேற்குக் கரையின் அடியில் குளத்துப் பக்கம் ஒரு வாசல். கரையைக் குடைந்துகொண்டுபோய் அந்தப் பக்கம், கோரைப்புல் காட்டுக்குள் இன்னொரு வாசல். அன்றே குடைந்து முடித்ததும் வீட்டுக்குள்ளேயே சிலுசிலுவென்று தண்ணீர் ஓடியது.

“பாத்தியா! எந்த நண்டு வீட்டுலயாவது ஓடுற தண்ணி இருக்கா? எம்மக வீட்டுல இருக்கு!” என்று போகிற வருகிற நண்டையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மருதிக்கும் பெருமைதான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு படபடப்பு. ஒரு கோடு தப்பாகச் சொன்னாலும் ‘நண்டுக்கு இதெல்லாம் வராது’ என்றுதானே பேசுவார்கள்? அதனால் ஒவ்வொரு நாளும் கல்லை ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

அவள் பாறை ஏறிய மறுநாளே தண்ணீர் ஒரு கோடு இறங்கியது. அதற்கு மறுநாள் இன்னொரு கோடு. ஆறு நாளில் ஆறு கோடு! வெயில் காலத்தில்கூட மாதம் இரண்டு கோடுதான் இறங்கும். இன்னும் நாலு கோடு போனால் வெறும் சேறு.

சபைத் தலைவர் முழங்கி என்ற பெரிய தவளை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எது நடந்தாலும், “இதற்கு முன்னால் என்ன நடந்தது?” என்று கேட்பார். யாராவது எதையாவது சொல்வார்கள். “அதனால்தான்!” என்பார். தீர்ப்பு முடிந்தது. ஒருமுறை எருமை தும்மிய கையோடு இடி இடித்தது. அன்றுமுதல் அந்தக் குளத்தில் எருமை தும்மக் கூடாது. பாவம், அது மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொண்டு நின்றது!

ஆறாம் நாள் உச்சிவேளையில் சபை கூடியது.

“தண்ணீர் இறங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது?” என்று முழங்கினார் தலைவர்.

பனங்கட்டையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி நீலன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தான்.

“நீர்நாய் வந்தது! ஆறு வற்றிவிட்டது என்று இரண்டு குட்டிகளோடு வந்து இறங்கியதே, துடுப்பி! அவள் வந்தாள், மறுநாளே தண்ணீர் இறங்கியது. மூன்று பேரும் குடித்தே தீர்க்கிறார்கள்!”

“அதனால்தான்!” என்றார் முழங்கி. “நீர்நாய் இன்றே குளத்தைவிட்டுப் போக வேண்டும்!”

துடுப்பி பதறிப்போனாள். “ஐயா, குட்டிங்களுக்கு இன்னும் நடக்கவே தெரியாது. அடுத்த தண்ணி ரெண்டு மலை தாண்டி இருக்கு. இந்த வெயில்ல தூக்கிட்டுப் போனா வழியிலேயே செத்துப்போகும்.”

“அப்போ எங்க மீனெல்லாம் சாகட்டுமா?” என்றான் நீலன். குளத்துப் பெரிய மீன்களை நீர்நாய் பிடித்துவிடுகிறாளே என்ற எரிச்சல் அவனுக்கு ஆறு நாளாக இருந்தது. அதை மட்டும் அவன் சொல்லவில்லை.

மருதியின் கொடுக்கு தானாக மேலே எழுந்துவிட்டது.

“ஐயா, அவங்க வந்தாங்க, தண்ணி இறங்குச்சு. ரெண்டும் உண்மைதான். ஆனா அவங்களாலதான் இறங்குச்சுன்னு நாம பார்க்கலையே?”

முழங்கி அவள் பக்கம் திரும்பினார்.

“பெண்ணே, உன் வேலை கோட்டைச் சொல்வது. காரணம் சொல்ல நான் இருக்கிறேன். என் சத்தத்தால்தான் இந்தக் குளத்தில் மழையே பெய்கிறது, தெரியுமா?”

“தெரியும் ஐயா. போன சித்திரை முழுக்க நீங்க கத்துனீங்க...”

“ஆமாம், கத்தினேன்!”

“ஒரு துளி விழலையே ஐயா.”

எங்கோ ஒரு கெண்டை மீன் களுக்கென்று சிரித்துவிட்டது. முழங்கியின் தொண்டை புடைத்தது.

“அப்படியானால் தண்ணீர் இறங்கக் காரணம் என்ன? சொல், பார்க்கலாம்!”

“எனக்கு இன்னும் தெரியாது ஐயா” என்றாள் மருதி.

சபை முழுவதும் சிரித்தது. “தெரியாது என்று சொல்லவா பாறையில் ஏறினாய்?” என்றான் நீலன்.

“தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாதுன்னுதான் ஏறினேன், அண்ணே. மூணு நாள் கொடுங்க.”

முழங்கி யோசித்தார். “மூன்று நாள். அதற்குள் காரணத்தைக் காட்டாவிட்டால் நீர்நாயும் போக வேண்டும், நீயும் இந்தப் பாறையைவிட்டு இறங்க வேண்டும். இனி எந்த நண்டும் ஏற முடியாது!”

முதல் நாள் மருதி துடுப்பியிடம் போனாள். “அக்கா, ஒரே ஒரு நாள் நீங்களும் பிள்ளைகளும் தண்ணில கால் வைக்காம இருக்க முடியுமா?”

துடுப்பி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் மருதி கல்லைப் பார்த்தாள். ஒரு கோடு இறங்கியிருந்தது!

‘அக்கா இறங்கினாலும் இறங்காவிட்டாலும் தண்ணீர் அதே அளவுதான் போகிறது. அப்படியானால் அவள் காரணம் இல்லை.’

மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் எது இல்லை என்று தெரிந்ததே தவிர, எது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் காற்றே இல்லை. மருதி அளவுக்கல்லின் உச்சியில் ஏறி, மிதக்கும் இலைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாவல் இலை மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காற்றே இல்லாதபோது இலைகளை இழுப்பது எது?

அவள் தண்ணீரில் இறங்கி இலையின் பின்னாலேயே போனாள். மேற்குக் கரைக்குப் பக்கத்தில் வந்ததும் இலை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சளக்கென்று உள்ளே போய் மறைந்தது.

அது மறைந்த இடம் அவள் வீட்டு வாசல்.

மருதி அப்படியே நின்றுவிட்டாள். சிலுசிலுவென்று தண்ணீர் அவளைத் தாண்டி வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடியது எங்கே போகிறது என்று அவளும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே! கோரைக்காட்டு மணல் அத்தனையையும் குடித்துக்கொண்டிருந்தது.

“அப்பா” என்றாள். “அப்பா, வாசலை அடைக்கணும்.”

“யார் வீட்டு வாசலை?”

“நம்ம வீட்டு வாசலை. குளத்துத் தண்ணி இது வழியாத்தான் போகுது.”

வளையப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடு சிவந்தது.

“ஏம்மா, பரம்பரை பரம்பரையா சேத்துல கிடந்தோம். இப்பத்தான் ஒருத்தி மேல ஏறினே. ஏறி நீ சொல்லப்போற முதல் பெரிய பேச்சு, ‘எங்கப்பன்தான் காரணம்’னா? உனக்காகத்தானே தோண்டினேன்!”

“எனக்காகத்தான்பா. அதுதான் கஷ்டமா இருக்கு.”

“பேசாம ராத்திரியோட ராத்திரியா அடைச்சுடுவோம். யாருக்கும் தெரியாது.”

“அடைச்சா தண்ணி நிக்கும். ஆனா எதனால நின்னுச்சுன்னு சொல்லுவாங்க? நாளைக்கு நீர்நாயைத் துரத்திட்டு, அது போனதாலன்னுதான். அந்தக் குட்டிங்க செத்துப்போகும்பா. அப்புறம் நான் எந்த முகத்தோட கல்லைப் பார்த்துக் கோடு சொல்றது?”

வளையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போனாள். ஒரு கொடுக்கு நிறையக் களிமண் அள்ளிக்கொண்டு வந்து வாசலில் அப்பினாள். மறுபடியும் போனாள். மருதியும் சேர்ந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் வாசல் மூடியது.

மூன்றாம் நாள் காலை. மருதி கல்லை மூன்று முறை பார்த்தாள். நான்காம் முறையும் பார்த்தாள். தண்ணீர் அதே கோட்டில் நின்றது!

உச்சிவேளையில் சபை கூடியது. துடுப்பி குட்டிகளை வாயில் கவ்வியபடி, எந்த நேரமும் புறப்படத் தயாராக நின்றாள்.

“காரணம் கிடைத்ததா?” என்றார் முழங்கி.

“கிடைச்சுது ஐயா. காரணம் எங்க வீடு.”

சபை திகைத்துப்போனது. “சும்மா சொல்றேன்னு நினைக்க வேண்டாம். நீங்களே பாருங்க” என்றாள் மருதி. “நீலன் அண்ணே, உங்க கண்ணுதான் இந்தக் குளத்துலயே கூர்மையான கண்ணு. ஒரு அரளிப்பூ கொண்டாங்க.”

இப்படிக் கேட்டால் நீலனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சிவப்பு அரளி ஒன்றைக் கொத்திக்கொண்டு வந்தான். மருதி எல்லோரையும் மேற்குக் கரைக்குக் கூட்டிப்போய் வாசல் களிமண்ணைப் பிரித்தாள். “இங்க போடுங்க. போட்டுட்டுக் கரைக்கு அந்தப் பக்கம் பறந்து போய் நில்லுங்க.”

பூ ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீலன் கத்தினான்: “வந்துடுச்சு! பூ வந்துடுச்சு! இங்கே கோரைக்குள்ளே ஒரு வாய்க்காலே ஓடுது!”

“தொறந்து வச்சா தினம் ஒரு கோடு போகுது” என்றாள் மருதி. “நேத்து அடைச்சேன், இறங்கலை. துடுப்பி அக்கா தண்ணில கால் வைக்காத அன்னிக்கும் இறங்குச்சு. நான் பாறை ஏறின நாளும் அக்கா வந்த நாளும் ஒரே நாள். அன்னிக்குத்தான் எங்கப்பா இந்த வீட்டைத் தோண்டினார். நான் சபைக்கு வந்த சந்தோஷத்துல தோண்டினார்.”

முழங்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதனால்தான்! நண்டுகள் எல்லாரும் இன்றே குளத்தைவிட்டு...”

“ஐயா!” என்றாள் மருதி. “எங்களைத் துரத்தினா ஓட்டை அடைஞ்சுடுமா? காரணத்தைத் தேடினது யாரைத் துரத்தலாம்னு பார்க்கவா? தண்ணியை நிறுத்தத்தானே? தோண்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அடைக்கவும் தெரியும்!”

முழங்கி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் வாழ்நாளில் அது முதல் முறை.

அப்போது கரைச் சேற்றில் சலசலப்புக் கேட்டது. வளையப்பன் வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் குளத்து நண்டுகள் அத்தனையும், ஒவ்வொன்றின் கொடுக்கிலும் ஓர் உருண்டைக் களிமண்ணோடு! சபை யாரையும் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் வரிசையில் முதலாவதாக நின்று மகளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

துடுப்பி குட்டிகளைக் கீழே விட்டாள். நாணல் வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஓட்டைக்குள் திணித்தாள். நண்டுகள் அதன்மேல் மண்ணை அப்பின. எருமை வந்து தன் பெரிய காலால் மிதித்துக் கெட்டியாக்கியது. மிதித்த வேகத்தில் அடக்கிவைத்திருந்த தும்மலை விட்டுவிட்டு, பயந்துபோய் வானத்தைப் பார்த்தது. இடி இடிக்கவில்லை!

“கோடு என்ன, மருதி?” என்று கேட்டார் முழங்கி. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

“மேலேயிருந்து ஒன்பதாம் கோட்டுக்கு ஒரு நூல் மேலே ஐயா. நிக்குது.”

“துடுப்பி இருக்கட்டும்” என்றார் முழங்கி. பிறகு மருதியைப் பார்த்து, “நீயும் பாறையில் இரு” என்றார்.

நீலன் பனங்கட்டைக்குத் திரும்பி வந்து, “என்ன இருந்தாலும் நேரா நடக்கத் தெரியாதவங்க...” என்று முனகினான்.

வளையப்பன் மண் அப்பிய கொடுக்கை உயர்த்திக்கொண்டு பாறை அதிரும்படி கத்தினார்: “ஆமாடா! எம்மக பக்கவாட்டுலதான் நடப்பா. பேச்சு மட்டும் நேரா வரும்!”

முன்னால் நடந்ததையெல்லாம் காரணம் என்று சொல்லிவிடாமல் தேடிப் பார்த்து, அந்தக் காரணம் தன் வீட்டு வாசலிலேயே இருந்தாலும் அதை மறைக்காமல் சொல்கிறவரே தம்மவருக்கு உண்மையான பெருமை சேர்க்கிறார்.