ரூத் அம்மா எதிர்த்துப் போட்ட ஓட்டு

அமெரிக்காவில் ஏது குரு, ஏது சீடன் என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் பொன்னுரங்கம் சொல்லும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொன்னுரங்கம் விழுப்புரத்துக்காரர். பனி கொட்டும் ஒரு மலை மாநிலத்தில், சின்ன ஊர் ஒன்றில், வாழ்நாளெல்லாம் பிரசவம் பார்த்தவர். அவர் ஓய்வு பெற்றதும் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போவதாகச் செய்தி வந்தது. மூடிவிட்டால் வலி எடுத்த பெண் மலை இறங்கிப் பெருநகரத்துக்குத்தான் போகவேண்டும். பனிக்காலத்தில் அந்தப் பாதை பாதி நாள் அடைத்துக் கிடக்கும். மனுஷனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தேர்தலில் நின்றார், ஜெயித்தார். மாநில மேலவைக்குள் நுழைந்தபோது அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: பிரசவம் பார்ப்பது, கோபப்படுவது.

புது உறுப்பினருக்கு வழிகாட்ட அவர் கட்சியிலேயே ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். ரூத் ஹாலோவே. பதவியில் மூத்தவர், வயதில் டாக்டருக்கு இளையவர். டாக்டர் பழக்கதோஷத்தில் அவரை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட ரூத், "என்னைவிட நரைச்ச பிள்ளையா!" என்று சிரித்தார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

யானைக் கட்சியா, கழுதைக் கட்சியா என்று கேட்காதீர்கள். கதைக்கு அது வேண்டாத சங்கதி. ரூத்தைச் சொந்தக் கட்சிக்காரர்கள் மதில்மேல் பூனை என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், இனிக்க இனிக்கப் பேசிக் கழுத்தறுப்பவர் என்றார்கள். முன்பு ஒருதடவை ஆற்றுத் தண்ணீர் விவசாயிக்கா, மீனுக்கா என்று மாநிலமே அடித்துக்கொண்டது. ரூத் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சட்டம் எழுதினார். இரண்டு தரப்பும் அவர் கொடும்பாவியைக் கொளுத்தின. இன்றைக்கு அந்த ஆற்றில் தண்ணீரும் ஓடுகிறது, மீனும் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு பொம்பளை!

டாக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கிட்டு நடுவுல நிக்கிறதுல என்னம்மா சுகம்?"

"நாளைக்கு உங்க பிரசவ வார்டு மசோதா வருதே," என்றார் ரூத். "பேச்சு தயாரா?"

பேச்சு தயாராகத்தான் இருந்தது. மறுநாள் டாக்டர் பொரிந்து தள்ளிவிட்டார். எதிர்வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த கால்வின் ஸ்டோக்ஸ் என்ற மாட்டுப்பண்ணைக்காரரை நோக்கிக் கையை நீட்டி, "தாயும் பிள்ளையும் செத்தாலும் பரவாயில்லைன்னு நினைக்கிறவங்க இதோ உட்கார்ந்திருக்காங்க!" என்றார். அவர் கட்சி வரிசை முழுக்கக் கைதட்டல். ரூத் மட்டும் தட்டவில்லை.

பேர் பேராகக் கூப்பிட்டு ஓட்டெடுத்தார்கள். ரூத் "ஆதரவு" என்றார். ஆனாலும் மசோதா தோற்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முடிவை அறிவிக்க அவைத் தலைவர் வாயைத் திறந்தபோது ரூத் எழுந்தார்.

"என் ஓட்டை மாத்திக்கிறேன். எதிர்ப்பு."

அவ்வளவுதான். சொந்தக் கட்சி வரிசையிலிருந்து ஊளைச் சத்தம் கிளம்பியது. வார்டு மூட இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டர் ரூத்தை மறித்துக்கொண்டார்.

"துரோகி! தோக்கிற மசோதான்னு தெரிஞ்சதும் ஜெயிக்கிற பக்கம் தாவிட்டீங்களே. உங்களைப்போய் அம்மான்னு கூப்பிட்டேனே, என்னைச் சொல்லணும்!"

ரூத் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"கத்தி முடிச்சாச்சா? வாங்க, ஸ்டோக்ஸைப் பார்க்கணும்."

"அந்த ஆளையா? அவன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"டாக்டர், உங்களுக்கு வார்டு வேணுமா, கோபம் வேணுமா?"

டாக்டர் பின்னால் நடந்தார்.

ஸ்டோக்ஸ் கேன்டீனில் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். டாக்டரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமலே பேசினார்.

"உங்களுக்கு அடுத்த பள்ளத்தாக்குதான் எங்க ஊர். எங்க வார்டை எப்பவோ மூடிட்டாங்க. போன பனிக்காலத்துல என் மருமக ரோட்டோரமா காருக்குள்ளதான் பெத்தா. பிள்ளையைத் துணியில சுத்திக் கொடுத்தது நான். உங்க மசோதாவை நாலு தடவை படிச்சேன், டாக்டர். உங்க ஊர்ப் பேர் ஒண்ணுதான் இருக்கு."

டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்தவருக்கு அடுத்த பள்ளத்தாக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

"அந்தப் பிள்ளை?"

"பிழைச்சுது. இப்ப தவழுது."

"நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க," என்றார் டாக்டர். "என் ஊர்ப் பேரை எடுத்துட்டு மலை ஊர்கள்னு எழுதிடலாம். ஆனா என்ன பிரயோஜனம்? மசோதாதான் செத்துப்போச்சே."

ஸ்டோக்ஸ் ரூத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு நீங்க சொல்லவே இல்லையா?"

"முதல்ல உங்ககிட்ட வரட்டும்னு விட்டுட்டேன்," என்றார் ரூத்.

ஸ்டோக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, தோத்த மசோதாவை மறுபடி எடுக்கணும்னு அவையில கேட்கலாம். ஆனா கேட்கிறவர் ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவரா இருக்கணும். தோத்தவங்க கேட்டா செல்லாது. எங்க பக்கத்துல இருந்து எவன் உங்களுக்காகக் கேட்பான், இப்படி வாய்க்கு வந்தபடி திட்டின பிறகு? அதான் இந்தம்மா எங்க பக்கம் வந்து ஓட்டுப் போட்டாங்க."

டாக்டர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ரூத் எழுந்து, நேற்றைய முடிவை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றார்.

"நேற்று ஜெயித்த பக்கம் ஓட்டளித்தீர்களா?" என்று அவைத் தலைவர் கேட்டார்.

"ஆமாம்."

மசோதாவில் ஊர்ப் பேர் போய் 'மலை ஊர்கள்' என்று ஆனது. ஸ்டோக்ஸ் ஆதரித்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். மசோதா நிறைவேறியது. டாக்டர் சட்டசபை என்றும் பார்க்காமல் தேம்பி அழுதார். அவர் ஊர் வார்டு தப்பியது, ஸ்டோக்ஸ் ஊரிலும் திறந்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்து வந்தது தேர்தல். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். ரூத்தை எதிர்த்து அவர் கட்சியிலேயே கெவின் ராட் என்றொரு வக்கீல் நின்றார். டி.வி.யைப் போட்டால் அவர் விளம்பரம்தான். அதில் ரூத் எழுந்து நிற்கிறார், "எதிர்ப்பு" என்கிறார். கீழே எழுத்து ஓடுகிறது: 'மலைத் தாய்மார்களைக் கைவிட்டவர்.'

டாக்டர் ஊர் ஊராகப் போய் நடந்ததைச் சொன்னார். விதியை விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். விளம்பரம் ஒரு நொடியில் புரிந்தது.

ரூத் தோற்றுப்போனார். பொதுத்தேர்தலில் ராட் சுலபமாக ஜெயித்தார்.

ரூத் தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். கதவோரமே நின்றார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காம? இருபத்தெட்டு வருஷம், டாக்டர்." ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பெட்டியை நகர்த்தினார். "அந்தப் பக்கம் பிடிங்க, கனம்."

டாக்டர் பிடித்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் அவருக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது.

"அந்த ராட் நாளைக்கு என் பக்கத்துலதான் வந்து உட்காருவானாம். இப்பவே ஏதோ மசோதாவுக்கு என் உதவி வேணும்னு போன் பண்றான். அவன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன், பாருங்க."

"அவருக்கு அந்த விதி தெரிஞ்சிருக்காது. புதுசு. நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்."

"தெரிஞ்சேதான் அந்த விளம்பரத்தைப் போட்டிருந்தா?"

ரூத் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அவர் தொகுதியிலயும் பிள்ளை பெத்துக்கிறாங்க, டாக்டர்."