எறும்புப் புத்தகம்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு மடம். அதன் தலைவி சொக்கம்மைக்கு எண்பத்து மூன்று வயது. கண்பார்வை மங்கிய பிறகு சீடர் அம்பலவாணர்தான் தினமும் அவருக்குப் படித்துக் காட்டுவார். சீடருக்கும் அறுபத்தொன்பது ஆகிவிட்டது.

ஒரு காலை வைத்தியர் வந்து நாடி பார்த்தார். போகும்போது வாசலில் அம்பலவாணரிடம், “பத்து நாள் தாண்டாது” என்றார்.

அம்பலவாணர் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். உயிர் பிரிவதையும் அதன்பின் செல்லும் வழியையும் சொல்லும் ஏட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

“எத்தனை நாளாம்?” என்றார் சொக்கம்மை.

“பத்து.”

“அப்படியானால் அதை மூடி வையும். பள்ளிக்கூட வாத்தியார் ஒரு புத்தகம் விட்டுப்போனாரே, எறும்பைப் பற்றி. அதை எடும்.”

“தாயே, அது பிள்ளைகள் படிக்கிறது.”

“படம் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“நல்லது. படத்தையும் சொல்லும்.”

மனமில்லாமல்தான் பிரித்தார். எறும்புக்கு இரண்டு வயிறு உண்டு, ஒன்று தனக்கு, மற்றது பசித்து வரும் எறும்புக்கு ஊட்ட என்று அதில் இருந்தது.

சொக்கம்மை எழுந்து உட்கார முயன்றார்.

“இரண்டா! எண்பது வருஷமாக என் காலடியில் ஓடுகிறது, எனக்குத் தெரியாதே. திரும்பப் படியும்.”

அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அம்பலவாணர் பார்த்ததில்லை.

செய்தி பரவி ஊரார் வந்தார்கள். கடைசியாக ஏதாவது உபதேசம் கிடைக்கும் என்று கைகட்டி நின்றார்கள்.

“எறும்புக்கு இரண்டு வயிறு, தெரியுமா?” என்றார் சொக்கம்மை.

அம்பலவாணர் தலைகுனிந்துகொண்டார்.

ஏழாம் நாள் கஞ்சியும் இறங்கவில்லை. அன்றும் அரைப் பக்கம் கேட்டார். அதற்குமேல் அம்பலவாணரால் படிக்க முடியவில்லை.

“தாயே, எனக்குப் பயமாக இருக்கிறது. என் முறையும் தூரத்தில் இல்லை. போகும் வழியைச் சொல்கிற ஏடு பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் எறும்பைக் கேட்கிறீர்களே?”

சொக்கம்மை அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

“அந்த ஏட்டில் இருப்பது நான் போகிற இடம். போனதும் பார்த்துக்கொள்கிறேன். இது நான் இருந்த இடம் ஐயா. இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. படியும்.”