கண் திறந்த ஆந்தை

துணிக்கு அச்சுக்கட்டை செதுக்கும் தவமணிக்கு வயது முப்பதுதான். அவளிடம் தொழில் கற்க வந்த ஏகாம்பர ஸ்தபதிக்கோ அறுபது தாண்டிவிட்டது. ஆயுசெல்லாம் தேருக்குச் சாமி பொம்மை செதுக்கிய கை. சும்மா இருக்கச் சொன்னால் கேட்குமா?

முதல் கட்டைக்கு மாதிரியாக அவள் ஒரு ஆந்தையைக் கொடுத்தாள். கல்லூரி அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், வயிற்றில் வைக்கோலும் கண்குழியில் பஞ்சுமாகப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். ஸ்தபதி இறகு இறகாகச் செதுக்கினார். கடைசியில், பஞ்சு இருந்த இடத்தில் இரண்டு வட்டக் கண்களைத் தானாகவே வைத்தார்.

அன்றோடு போனது அவர் தூக்கம். பட்டறையில்தான் படுக்கை. இமை மூடினால் யாரோ உற்றுப் பார்ப்பது தெரிந்தது.

அச்சு வைத்த துணியை அலசக் கொண்டுபோன அஞ்சலை, ஈரத்தோடு திருப்பிக் கொண்டுவந்து போட்டாள்.

"கசக்கக் கசக்க முறைக்குதுங்க. எனக்கு வீட்டுல ஒருத்தர் முறைக்கிறது போதும்."

அவள் போனதும் ஸ்தபதி கேட்டார்.

"அம்மா, கண்ணைத் தோண்டிடட்டுமா? தூங்காம செத்துடுவேன் போலிருக்கு."

"எதுக்கு வெச்சீங்க?"

"கைப் பழக்கம். எந்த உருவம் செஞ்சாலும் கடைசியில கண் திறப்போம்."

"திறந்ததும்?"

"முதல் பார்வை உக்கிரமா இருக்கும். எதிர்ல ஆள் நிக்கக்கூடாது. கண்ணாடி காட்டுவோம்."

"இதுக்குக் காட்டினீங்களா?"

"செத்த பறவைதானேன்னு..."

"செத்ததுன்னு தெரிஞ்சே திறந்திருக்கீங்க. நல்ல தைரியம்தான் ஐயா."

தவமணி சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டைக்கு முன்னால் பிடித்தாள். ஸ்தபதி உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தக் கண்களின் பார்வை கண்ணாடிக்குள் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி அவர் பக்கமே வந்தது. உச்சிவெயில் நேரம். அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பாத்தீங்களாம்மா? என்னைத்தான் பாக்குது."

"உங்க முதுகுக்குப் பின்னால என்ன இருக்கு?"

திரும்பினார். பெட்டிக்குள் அந்த ஆந்தை, பஞ்சுக் கண்ணோடு. நேற்று வரை பக்கவாட்டில் இருந்த தலை, இப்போது நேராக இருந்தது. பெட்டியின் கண்ணாடியில், உட்புறமாக, மூச்சு பட்டதுபோல் ஒரு மங்கல்.

உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமலே கேட்டார்.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ரெண்டுக்கும் குறுக்கே உட்கார்ந்திருக்கீங்க ஐயா. நகருங்க."