உலகம்மாள் கழுவிய கார்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் உலகம்மாளுக்குப் பயம்.

கோவில்பட்டிக்கு வெளியே, கரட்டுக் குன்றின் அடியில் இருக்கிறது அந்தச் சின்ன மடம். நடந்து வந்த வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முதலில் காரைச் சொல்வதா, ஆவுடைத்தாயைச் சொல்வதா? காரைச் சொன்னால் பவுசு காட்ட வந்தவள் என்று ஆகிவிடும். ஆவுடைத்தாயைச் சொன்னால் அழுகை வந்துவிடும்.

மடத்து அம்மா முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உலகம்மாளைவிட வயதில் நன்றாக இளையவள். மனக்குறையோடு வருகிற ஊருக்கெல்லாம் அவள்தான் அம்மா. தன்னைவிட மூத்த பெண்களை அவள் அக்கா என்பாள்.

"அம்மா, கறை போகமாட்டேங்கு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் இது இல்லவே இல்லை என்று.

"எந்தக் கறைக்கா?"

"கார்ல."

"கார் வாங்கிட்டீங்களா?"

"பழைய வண்டிதான். ஒரு வீட்டுல வச்சு ஓட்டினது. பொங்கல் கழிச்சு வாங்கினேன்."

அப்போது ஆடி மாதம்.

"அதுலதான் வந்தீங்களா?"

"இல்லம்மா, நடந்துதான். வானம் மூட்டமா இருக்கு. மழை பேஞ்சா சேறு அடிச்சிரும்லா."

அம்மா ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள். முற்றல். தள்ளிப் போட்டாள்.

"என்ன கறை?"

"முன்னால வச்சிருந்தவங்க ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, அப்படியே வெயில்ல விட்டுட்டாங்க போல. முன்பக்க மூடியில மூணு எடத்துல செவப்பா ஏறிக் கெடக்கு. சீயக்காய் போட்டேன். அரப்பு போட்டேன். புளி வச்சும் தேய்ச்சேன்."

"புளியா? காரு என்ன குத்துவெளக்கா?"

"உள்ளுக்குள்ள பளபளன்னு இருக்கட்டும்னு தேங்கா எண்ணெய் தடவினேன். எறும்பு ஏறிட்டு."

அம்மா சிரித்துவிட்டாள். "பரவாயில்ல. எறும்பாவது ஏறிச்சே."

உலகம்மாள் சிரிக்கவில்லை.

"மூணு பொட்டுக் கறை இருந்துட்டுப் போகட்டுமே அக்கா."

"ஆவுடை பாப்பாளே."

"யாரு ஆவுடை?"

இங்கேதான் உலகம்மாள் தடுமாறினாள். எப்படிச் சொன்னாலும் குறைந்துபோகும் போல இருந்தது.

இரண்டு பேரும் ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள். கூட வேலை பார்த்த ஒருத்தி வேம்பார் கடலைப் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது, "நாமளும் ஒருநாள் போகணும்ட்டி" என்கிற பேச்சு. கல்யாணமாகி ஆவுடைத்தாய் விளாத்திகுளத்துக்குப் போனாள். உலகம்மாள் கோவில்பட்டியிலேயே இருந்து, புருஷன் காலமான பிறகு சேவும் முறுக்கும் போட்டு விற்றாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. அதற்குள் ஆவுடைக்கு முட்டு வலி வந்து, பஸ் படி ஏற முடியாமல் போய்விட்டது.

"அதுக்குத்தாம்மா காரு. அதுக்குத்தான் ஓட்டப் படிச்சேன். லைசென்ஸும் வந்துட்டு."

"கடலுக்குப் போயாச்சா?"

"வண்டியப் புதுசு மாதிரி ஆக்கிட்டுக் கூட்டிட்டுப் போவோம்னு இருந்தேன்."

"ம்."

"இப்ப அவ மகன் சூரத்துல இருந்து வந்திருக்கான். வீட்டக் காலி பண்ணி, அவளையும் கூட்டிட்டுப் போறான். ஞாயித்துக்கெழமை ரயிலு. இனிமே எங்க இந்தப் பக்கம் வரப்போறா?"

அன்று வெள்ளிக்கிழமை.

"அதுக்குள்ள கறை போகணும். ஒரு வழி சொல்லுங்கம்மா."

அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில வாரேன். சேர்ந்து கழுவுவோம்."

*

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க வண்டி?" என்றாள்.

உலகம்மாள் தார்ப்பாயை எடுத்தாள். அதற்குக் கீழே ஒரு போர்வை. போர்வைக்குக் கீழே பழைய நூல் சேலை. அதற்கும் கீழே கார், வெள்ளை வெளேரென்று நின்றது.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை உடுத்தமாட்டாங்க" என்றாள் அம்மா.

எறும்பு ஏறியதற்கு அப்புறம் உலகம்மாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு எல்லாம் முறையாக வாங்கி வைத்திருந்தாள். கார் ஷாம்பு, மெத்தென்ற துணிகள், ஒரு டப்பா மெழுகு. ஏசி காற்று வரும் இடுக்கைத் துடைக்கப் பல் துலக்கும் பிரஷ்.

இரண்டு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். ஒன்றில் ஷாம்பு. ஒன்று துணியை அலச.

"மேல இருந்து கீழ வாங்கம்மா. கூரைதான் முதல்ல. டயரு கடைசி. டயரு தொடைச்ச துணி மேல பட்டா மண்ணு கீறிரும்."

"சரிக்கா."

"வட்டமாத் தேய்க்காதீங்க. நேராத் தேய்ங்க."

"சரிக்கா."

"ஒவ்வொரு தரமும் அலசணும்."

"சரிக்கா."

சொன்னதை எல்லாம் அம்மா செய்தாள். கூரை, கண்ணாடி, கதவு, கதவின் உள்விளிம்பு. உட்கார்ந்து, குனிந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு செய்தாள்.

பாதியில் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் உலகம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி உலகு!" ஆவுடைத்தாயின் குரல் முற்றமெல்லாம் கேட்டது. "என்ன பண்ணுத?"

"வண்டியக் கழுவுதேன்."

"இன்னுமா? பெரியமனுசி ஆன பிள்ளைக்குக்கூட இத்தனை தண்ணி ஊத்த மாட்டாங்கட்டி."

"கறை ஒண்ணு இருக்கு. போனதும் வந்திருதேன்."

அந்தப் பக்கம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம். யாரோ எதையோ கேட்டார்கள். "அந்த அண்டாவ யாருக்காச்சும் குடுத்துரு" என்று ஆவுடைத்தாய் சொல்வது கேட்டது.

பிறகு குரலைத் தணித்தாள்.

"கடல விடுட்டி. அது எங்கயும் போயிராது. நீ உன் மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

போன் அணைந்தது.

உலகம்மாள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"அக்கா, இங்க வாங்க" என்றாள் அம்மா.

துணி அலசிய பக்கெட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மேலே இருந்த நுரையைக் கையால் ஒதுக்கினாள்.

பக்கெட்டின் அடி தெரிந்தது.

"அழுக்கு எங்கக்கா?"

உலகம்மாள் குனிந்து பார்த்தாள்.

"நானும் ரொம்ப நேரமாத் தேடுதேன்" என்றாள் அம்மா.

"அதான் அடிக்கடி கழுவுதேனேம்மா."

அம்மா அந்தத் தண்ணீரைத் தூக்கி முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தாள். முன்பக்க மூடியில் இருந்த மூன்று சிவப்புக் கறையையும் விரலால் தொட்டாள்.

"இத வச்சது யாரு?"

"அந்த வீட்டம்மாவா இருக்கும். நான் பாத்ததில்ல."

"எதுக்கு வச்சா?"

"எதுக்கு வைப்பாங்க? போற வழியில ஒண்ணும் ஆகிரக்கூடாதுன்னுதான்."

"பயந்தவ போல."

"பயம் இல்லாம இருக்குமாம்மா? லாரிக்காரன் வாற வரத்தப் பாத்தா கையும் காலும்..."

உலகம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

நேற்றிலிருந்து எவ்வளவோ பேசியிருந்தாள். லாரி என்ற சொல் இப்போதுதான் வாயில் வந்திருந்தது.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனாளா?"

"யாரு?"

"பொட்டு வச்சவ."

"போயிருப்பா. மீட்டர்ல அம்புட்டு ஓடியிருக்கே."

அம்மா தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு மெழுகைப் பூசினார்கள். திருநீறு மாதிரி வெளுத்துக் காயும் வரைக்கும் காத்திருந்தார்கள். துடைத்தார்கள். முருங்கை மரம், மேகம், இரண்டு பேர் முகம், எல்லாம் அதில் தெரிந்தது. கறையும் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

அம்மா கையைக் கழுவினாள். துணிகளை மடித்து ஒரு பக்கெட்டுக்குள் வைத்தாள். மெழுகு டப்பாவையும் உள்ளே வைத்தாள்.

"இத நான் கொண்டுபோறேன்க்கா. மடத்துக் கதவு கெடந்து கிறீச்சுங்குது. மெழுகு போடணும்."

"சரிம்மா" என்றாள் உலகம்மாள், ஒன்றும் புரியாமல்.

அம்மா தார்ப்பாயையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள்.

"இதுவும் வேணும். கூரை ஒழுகுது."

"ஐயோ, மழை வரும்போல இருக்கேம்மா!"

"அதனாலதான் கேக்கேன்."

தெருக்கோடி வரைக்கும் அவள் போவதை உலகம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு தூறல் முன்பக்க மூடியில் விழுந்தது. மெழுகில் ஒட்டாமல், முத்து மாதிரி உருண்டு, விளிம்பு வரை ஓடிக் கீழே சொட்டியது. இன்னொன்று விழுந்தது.

துடைக்கக் கை போனது. துணி இல்லை.

உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

*

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து விளாத்திகுளம் பஸ் வெளியே வந்தபோது, ஓரமாக ஒதுங்கி நின்ற ஒரு வெள்ளைக் கார் அதன் பின்னாலேயே கிளம்பியது.

எந்த லாரி எதிரே வந்தாலும் அது முதலில் பஸ்ஸைத் தாண்டித்தான் வர வேண்டும். பஸ் ஒதுங்கினால் கார் ஒதுங்கியது. பஸ் ஹாரன் அடித்தால் காரும் ஒரு தரம் அடித்துக்கொண்டது. பஸ் நின்ற ஸ்டாப்பில் எல்லாம் காரும் நின்றது. ஆள் இறங்கி, ஆள் ஏறி, கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

எட்டயபுரம் தாண்டி ஒரு ஸ்டாப்பில் கண்டக்டர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னம்மா, வண்டியில கோளாறா? எங்க பின்னாலயே நிக்கீங்களே."

"வண்டி நல்லா இருக்கு தம்பி."

"அப்ப முந்திப் போங்க. ரோடு சும்மாதான் கெடக்கு."

"நீங்க போங்க. நான் வாரேன்."

கண்டக்டர் அவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்க்கத் திரும்பினார்.

"தம்பி!" என்று கூப்பிட்டாள். "இந்த பஸ்சு வேம்பாருக்குப் போகுமா?"

"இது விளாத்திகுளத்தோட சரி. வேம்பாருக்கு அங்க வேற பஸ் மாறணும். சாயங்காலம் ஒண்ணு இருக்கு."

"அந்த டிரைவர் ஒங்களுக்குப் பழக்கமா?"

"பழக்கந்தான். ஏம்மா?"

"அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க. மெதுவாப் போகச் சொல்லுங்க. பின்னால நாங்க ரெண்டு பேரு வருவோம்."