கூடுதல் நீலம்

சிவகாசியில் அச்சகம் தவறாமல் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம். எல்லாம் முதுகு பெருத்த பிக்சர் டியூப் மானிட்டர்கள். ஒன்று படுத்துவிட்டால் தெய்வேந்திரன் அண்ணாச்சி கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. அண்ணாச்சி கை வைத்தது மறுபடி பழுதாகித் திரும்பி வராது என்ற பேச்சு ஒன்று போதுமானதாக இருந்தது.

அவரிடம் தொழில் கற்றவர் காளிராஜ். சீடர் என்றதும் சின்னப் பையனை நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் கட்டி அலைந்து, நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து செய்யும் வேலை தேடி வந்தவர். அண்ணாச்சியை அவர் சாமியாகவே நினைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் காலண்டர் அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு மானிட்டர் வந்தது. திரை திடீரென்று மஞ்சளாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகும்.

“என்னன்னு நினைக்கிற?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“நீலம் விட்டுப் போகுது அண்ணாச்சி. டியூப் செத்துருச்சு போல.”

“செத்ததை நீ பார்த்தியா?”

அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்து, டியூபின் கழுத்தில் மாட்டியிருந்த சின்ன போர்டை மெல்லத் தட்டினார். திரை வெளுத்தது. மறுபடி தட்டினார். மஞ்சளானது.

“செத்தவன் தட்டுனா எந்திரிப்பானா?”

போர்டைக் கழற்றினார். ஒரு பின்னைச் சுற்றி ஈயப் பற்று விட்டிருந்தது. விரலால் தடவியே அதைக் கண்டுபிடித்தார். சூடு வைத்து ஈயம் விட்டார். பிறகு மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் திரையைப் பார்த்தபடி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் உள்ள திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

“வெள்ளை வந்துருச்சு,” என்றார்.

காளிராஜ் திரையைப் பார்த்தார். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது.

ஆடி மாதத்திலிருந்தே இப்படித்தான். அண்ணாச்சியின் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று காளிராஜுக்குத் தெரிந்துவிட்டது. புரைக் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளடித்துத் தெரியும்; நீலத்தைக் கூட்டினால்தான் அதற்கு வெள்ளையாகப் படும். அண்ணாச்சிக்கே அது தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல காளிராஜுக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி மதியம் சாப்பிடப் போனதும் திருப்புளியை எடுத்து நீலத்தைக் குறைத்து வைத்துவிடுவார். வாங்கிப் போனவர்கள் அண்ணாச்சியைப் புகழ்வார்கள். அதைக் கேட்டுச் சீடருக்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

அன்றைக்கு அச்சகத்து ஆள் மதியத்துக்கு முன்பே வந்து மானிட்டரை ஆட்டோவில் ஏற்றிப் போய்விட்டான். காளிராஜ் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மானிட்டர்தானே, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே மானிட்டர் திரும்பி வந்தது. கூடவே ஒரு பெண்ணும் வந்தாள். மாரீஸ்வரி, அந்த அச்சகத்தில் காலண்டர் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் சேர்ப்பவள். சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாளை மேசையில் விரித்தாள்.

“மகாலட்சுமிக்கு மஞ்சக்காமாலையான்னு கேட்டு கடைக்காரங்க எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க, அண்ணாச்சி.”

சொல்லும்போது அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

“ஸ்கிரீன்ல முகம் வெளிறித் தெரிஞ்சுச்சு. அதான் மஞ்சள் கூட்டுனேன். சீசன் அவசரம், மாதிரி அச்சடிச்சுப் பார்க்காமலே ஓட்டிட்டாங்க. இப்ப எல்லாம் எந்தலையில விடிஞ்சிருக்கு.”

“முதலாளி என்ன சொல்றாரு?”

“மானிட்டரை அண்ணாச்சிகிட்டக் காட்டு. மானிட்டர்ல கோளாறுன்னு அவர் சொன்னா நீ இரு. இல்லேன்னா நாளையிலருந்து வராதேன்னுட்டாரு.” அவள் குரல் இறங்கியது. “வீட்டுக்காரர் பட்டாசு வெடி விபத்துல கையை இழந்து கிடக்காரு, அண்ணாச்சி. எஞ்சம்பளத்துலதான் அடுப்பு எரியுது.”

அண்ணாச்சி மானிட்டரைப் போட்டார். சூடேறட்டும் என்று காத்திருந்தார். முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார்.

“வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கு, தாயி,” என்றார். “உனக்காகக்கூட நான் பொய் சொல்ல முடியாது.”

மாரீஸ்வரி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப எங்கண்ணுதான் பொய் சொல்லுதா?”

அவள் காளிராஜ் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்களாவது பாருங்களேன்.”

காளிராஜ் பார்க்கவே வேண்டியதில்லை. சொன்னால், வெளி ஆள் முன்னால் அண்ணாச்சியைக் கண் தெரியாதவர் என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் வேலையில்லாமல் வீட்டுக்குப் போவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று அவர் பட்ட வேதனையை எதிரிக்கும் விதிக்கக் கூடாது.

மாரீஸ்வரி தாளைச் சுருட்டினாள். “வர்றேன், அண்ணாச்சி,” என்று படியிறங்கினாள்.

“நீலம் கூடுதலா இருக்கு, அண்ணாச்சி.”

சொல்லிவிட்டு காளிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். படியில் அவள் நின்றுவிட்டாள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை.

“எவ்வளவு கூடுதல்?”

“நல்லாவே கூடுதல்.”

“இது ஒண்ணு மட்டுமா?”

“ஆடியிலருந்து எல்லாமே.”

“மத்தது ஒண்ணும் திரும்பி வரலையே?”

“நீங்க சாப்பிடப் போறப்ப நான் குறைச்சு வச்சிருவேன்.”

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பனியன் நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். அவருக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது.

“தாயி, உள்ள வா. இப்படி உக்காரு.”

அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். எதிரே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். மானிட்டருக்குப் பின்னால் போய் முதுகு மூடியைக் கழற்றினார்.

“நான் திருப்புறேன். நீ பார்த்துச் சொல்லு.”

“நானா, அண்ணாச்சி?”

“கலர் பார்க்குறது உன் தொழில்தானே? சொல்லு.”

அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

“குறைங்க.”

அவர் திருப்பினார்.

“இன்னும் கொஞ்சம். இன்னும். ஐயோ, ரொம்பப் போயிருச்சு, கொஞ்சம் ஏத்துங்க. நில்லுங்க. அவ்வளவுதான்.”

அண்ணாச்சி எழுந்து முன்னால் வந்தார். அவர் கண்ணுக்குத் திரை பழைய காகிதம் போல மஞ்சளாகத் தெரிந்தது.

“இதுவா வெள்ளை?”

“இதுதான், அண்ணாச்சி.”

அவர் காளிராஜைப் பார்த்தார். காளிராஜ் தலையசைத்தார்.

“சரி,” என்றார் அண்ணாச்சி. சட்டையை மாட்டிக்கொண்டார். “ஆட்டோவைக் கூப்பிடு. நானும் வந்து உன் முதலாளிகிட்டப் பேசுறேன், தாயி.”

அவர் திரும்பி வரும்வரை காளிராஜ் எந்த வேலையையும் தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அண்ணாச்சி தனியாக நடந்து வந்தார்.

“அந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகுது,” என்றார்.

“முதலாளிகிட்ட என்ன சொன்னீங்க?”

“எங்கண்ணைப் பத்திச் சொன்னேன்.”

“அதுக்கு அவரு?”

“நல்லபடியாத்தான் பேசினாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. அடுத்த மானிட்டரை வேற கடைக்கு அனுப்புவாரு.”

இத்தனை வருடம் ஊரே மெச்சிய பேர், தன் ஒரு சொல்லில் போய்விட்டதே என்று காளிராஜ் நினைத்தார். அப்போதே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டார்.

“உங்க பேருக்கு ஒரு குறை வந்துரக் கூடாதுன்னுதான், அண்ணாச்சி, ஒவ்வொண்ணையும் உக்காந்து சரி பண்ணினேன்,” என்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான் பார்த்த வேலையில என்ன தப்பு?”

அண்ணாச்சி அவர் தோளில் கை வைத்தார்.

“கோளாறு எங்கிட்ட இருந்திருக்கு, காளி. நீ மானிட்டரையே திறந்துக்கிட்டு இருந்திருக்க.”